ஒப்பந்தம் முடிந்த மாஸ்டர்: கால்பந்தில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ முறை எப்படி இயங்குகிறது?

மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருவருடைய கைப்பக்குவத்துக்காகவே வருகிறார்கள். அவர் உள்ளே அடுப்படியில் நிற்கும் சரக்கு மாஸ்டர். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு எல்லாம் அவர் பொறுப்பு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி. ஆனால் மாஸ்டர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் பந்தி இளைத்துவிடும் என்பது இருவருக்குமே தெரியும்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும்போது மாஸ்டர் ஒரு தொகையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்வார். அது மாதாமாதம் சம்பளத்தில் கழியும். கழிந்து முடியும்வரை அவர் அந்தக் கடையின் ஆள். நடுவில் தி.நகரில் ஒரு பெரிய ஓட்டல் அவரைக் கூப்பிட்டால், புது முதலாளி பாக்கி அட்வான்ஸைப் பழைய முதலாளியிடம் கட்டித்தான் அழைத்துப் போக வேண்டும். அட்வான்ஸ் தீர்ந்த பிறகு கூப்பிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. “கணக்கு முடிஞ்சுது மொதலாளி, நான் கெளம்பறேன்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நடையைக் கட்டலாம்.

கால்பந்தில் ஃப்ரீ ஏஜென்ட் எனப்படுபவர், கணக்கு முடிந்த இந்த மாஸ்டர்தான். அவரால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், அவரை வளர்த்த வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை இந்த அடுப்படியை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு காகிதங்கள்

ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை கிளப்போடு கட்டி வைப்பவை இரண்டு. ஒன்று, ஒப்பந்தம். எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்று அதில் எழுதியிருக்கும். ஃபிஃபா விதிப்படி பொதுவாக அது ஐந்து ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு மூன்று ஆண்டுதான். இன்னொன்று, பதிவு. ‘இவர் இந்த அணிக்காக ஆடுகிறார்’ என்று சம்மேளனத்தின் ஏட்டில் இருக்கும் வரி அது. இந்தியாவில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறையில் அந்த வரி இருக்கிறது.

மெஸ்ஸுக்கும் மைதானத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த இரண்டாவது காகிதம். கோபித்துக்கொண்டு வெளியேறும் மாஸ்டர் மறுநாளே அடையாற்றில் வேறோர் அடுப்பைப் பற்றவைக்கலாம். ஆட்டக்காரரால் முடியாது. பதிவு மாறாமல் அவர் எந்த லீகிலும் பந்தைத் தொட முடியாது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது அந்தப் பதிவைத் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்ள, புது கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம்தான் மாற்றுத்தொகை. பழைய முதலாளியிடம் கட்டும் பாக்கி அட்வான்ஸ் போன்றது அது. ஆனால் அட்வான்ஸ் மாஸ்டர் வாங்கிச் செலவழித்த கடன். மாற்றுத்தொகையோ ஆட்டக்காரர் கண்ணிலேயே படாத பணம். ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்குப் போகிறது.

ஒப்பந்தத்தின் கடைசித் தேதி தாண்டிவிட்டால் மாற்றுத்தொகை கேட்கும் உரிமை போய்விடுகிறது. ஒரு சலுகையும் கூடவே வருகிறது. ஒப்பந்தத்தில் இருப்பவர் பதிவுக் காலத்தில் (டிரான்ஸ்ஃபர் விண்டோ) மட்டும்தான் அணி மாறலாம். அந்தக் காலம் முடிவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து வேலையில்லாமல் இருப்பவரை, அது முடிந்த பின்னும் பதிவு செய்ய ஃபிஃபா இடம் தருகிறது. சீசன் நடுவில் ஒரு பின்வரிசை ஆட்டக்காரர் முழங்காலை முறித்துக்கொண்டால், கிளப்புகள் முதலில் தேடுவது இப்படிச் சும்மா இருப்பவரைத்தான்.

அட்வான்ஸ் தீர்ந்தும் பூட்டு திறக்காத காலம்

இன்று இயல்பாகத் தெரியும் இந்த உரிமை எளிதில் கிடைத்ததல்ல. அட்வான்ஸ் முழுக்கக் கழிந்த பிறகும் “என் கையெழுத்து இல்லாமல் நீ வேறெங்கும் சமைக்க முடியாது, இங்கேயே சமைப்பதென்றால் கால்வாசிச் சம்பளம்தான்” என்று ஒரு முதலாளி சொன்னால் எப்படியிருக்கும்? நெடுங்காலம் கால்பந்து அப்படித்தான் நடந்தது.

இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவைக் கிளப் விடாமல் வைத்துக்கொள்ள முடிந்தது. நியூகாசில் யுனைடெட்டின் ஜார்ஜ் ஈஸ்தம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த முறை ஒருவர் தொழில் செய்வதை நியாயமில்லாமல் தடுப்பதாகத் தீர்ப்பளித்தார். பூட்டு தளர்ந்தது, ஆனால் கழலவில்லை.

கழற்றியவர் ஜான்-மார்க் போஸ்மன், பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடியவர். 1990 ஜூன் 30-இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அதுவரை போனஸ் உட்பட மாதம் சராசரி 1,20,000 பெல்ஜிய ஃப்ராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, புது ஒப்பந்தத்தில் கிளப் தருவதாகச் சொன்னது 30,000. அவர் மறுத்தார். பிரான்சின் டன்கிர்க் அணி அவரைக் கூப்பிட்டது. அந்த அணியால் பணம் கட்ட முடியுமா என்று லியேஜ் சந்தேகப்பட்டு, மாற்றுச் சான்றிதழுக்கான வேலையையே செய்யவில்லை. பழைய கிளப்பிலும் ஆட்டமில்லை, புது கிளப்புக்கும் போக வழியில்லை. ஐந்து ஆண்டு வழக்கு நடந்தது. 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவர் இன்னோர் உறுப்பு நாட்டின் கிளப்புக்குப் போனால், பழைய கிளப் பணம் கேட்கக்கூடாது. அணியில் இத்தனை பேர்தான் பிற ஒன்றிய நாட்டவராக இருக்கலாம் என்ற வரம்பும் அன்றோடு விழுந்தது. அந்த வழக்கில் அவருடைய ஆட்ட வாழ்வே கரைந்துபோனது. அவர் திறந்த கதவு வழியாகப் போனவர்கள்தான் கோடிகளைப் பார்த்தார்கள்.

சென்னையில் கதவு திறந்த விதம்

சென்னையின் கதை வேறு வழியில் வந்தது. இங்கே ஆட்டக்காரரை அணியோடு கட்டிப்போட்டது வேலை. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை என்று அலுவலகங்களே அணி நடத்தின. நன்றாக ஆடினால் நிரந்தர வேலை, பதவி உயர்வு, ஓய்வூதியம். இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை போய் ஆடியது. அந்த அணியில் ஆடிய சையத் சபீர் பாஷா, பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சியாளர் குழுவில் இடம்பெற்றார். 2022-இல் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

பெரிய மடத்துச் சமையலறையில் ஆயுளுக்கும் வேலை கிடைத்த சமையற்காரரைப் போன்ற வாழ்க்கை அது. வெளியே இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகக் கூப்பிட்டாலும் யாரும் அவ்வளவு எளிதில் போகமாட்டார்கள். முழங்கால் போனாலும் சோறு போகாது என்ற நிம்மதி இருந்தது. இன்றைய ஃப்ரீ ஏஜென்டுக்கு இருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை; அவர்களுக்கு இருந்த நிம்மதி இவருக்கு இல்லை.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தபோது சம்பளம் ஏறியது. தேர்வுரிமை மட்டும் உடனே வரவில்லை. இந்திய ஆட்டக்காரர்களை கிளப்புகள் டிராஃப்டில் வரிசையாகத் தேர்ந்தெடுத்தன. எந்த ஊருக்கு ஆடுவது என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்யவில்லை. 2015-இல் முன்னணி ஆட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு ஏலமே நடந்தது. சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017 ஜூலையில் நடந்த டிராஃப்ட்தான் கடைசி. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷை அதில்தான் சென்னையின் எடுத்தது. அந்த சீசனில் சென்னையின் கோப்பையை வென்றது. 2018-இலிருந்து கிளப்பும் ஆட்டக்காரரும் நேருக்கு நேர் பேசி முடித்துக்கொள்கிறார்கள். இந்திய ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் கடைசித் தேதிக்கு உண்மையான மதிப்பு வந்தது அப்போதுதான்.

ஆறு மாதம் முன்னால் கேட்கும் பேச்சு

மெஸ்ஸில் அட்வான்ஸ் தீர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. தி.நகர் ஓட்டல் ஆள் கபாலி கோயில் குளக்கரையில் மாஸ்டரைப் பார்த்துப் பேசுகிறார். மாஸ்டர் சம்மதிக்கிறார். ஆனால் அடுத்த ஆறு மாதமும் மெஸ்ஸில்தான் சமைக்க வேண்டும். ரசத்தில் உப்புக் கூடினால், “மனசு அங்க போயிடுச்சு” என்று சாப்பிடுகிறவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஃபிஃபா விதி இதை அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ மிச்சமிருந்தால், ஆட்டக்காரர் அடுத்த கிளப்போடு இப்போதே கையெழுத்திடலாம். 2014 ஜனவரியில் டோர்ட்முண்டின் ராபர்ட் லெவன்டாவ்ஸ்கி, அடுத்த சீசனில் பரம எதிரியான பயர்ன் மியூனிக்குக்கு ஆடுவதாக வெளிப்படையாகக் கையெழுத்திட்டார். மிச்சமிருந்த மாதங்களில் டோர்ட்முண்டுக்காக வியர்வை சிந்தி ஆடி, அந்த ஆண்டு ஜெர்மன் லீகில் 20 கோல் அடித்து முதலிடமும் பிடித்தார். இந்த ஆறு மாதத்தில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பது அவருடைய தொழில் நேர்மைக்கு உரைகல். அந்த மாதங்களில் அவரைத் திட்டாமல், கடைசி நாள்வரை ஆட வைப்பது ரசிகர்களின் கடமை.

பணம் மறைவதில்லை, பை மாறுகிறது

‘ஃப்ரீ’ என்பதால் ஆட்டக்காரர் இலவசமாக வருகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கை எழுதிப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.

ஒரு கிளப், ஒரு விங்கருக்கு மூன்று ஆண்டில் மொத்தம் 5 கோடி ரூபாய் செலவிடத் தயாராக இருக்கிறது. அவர் வேறு கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்தால் மாற்றுத்தொகைக்கு 2 கோடி போகும். மீதி 3 கோடியில் ஆண்டுக்கு ஒரு கோடி சம்பளம். அதே விங்கர் ஒப்பந்தம் முடிந்தவர் என்றால் அந்த 2 கோடி மிச்சமாகும். ஆனால் அவரைத் தேடி நாலு கிளப்புகள் வரும். அதனால் கையெழுத்துப் போட 80 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். சம்பளம் ஆண்டுக்கு 1.3 கோடி என்று மூன்று ஆண்டுக்கு 3.9 கோடி. ஆட்டக்காரரின் தரகரான ஏஜென்டுக்கு 30 லட்சம். கூட்டினால் அதே 5 கோடி.

கிளப்பின் செலவு மாறவில்லை. பழைய முதலாளியின் கல்லாவுக்குப் போயிருக்க வேண்டிய 2 கோடி, மாஸ்டர் பைக்கும் அவரைக் கூட்டிவந்த தரகர் பைக்கும் போயிருக்கிறது. ஃப்ரீ ஏஜென்சியின் மையம் இதுதான். வேலை செய்கிறவர் கைக்குப் பணம் போவதை நான் மனதார வரவேற்கிறேன். அந்த 2 கோடியில் வேறு யாருக்கோ ஒரு சிறு பங்கு இருந்தது. அது என்ன ஆயிற்று என்பதைக் கீழே பார்ப்போம்.

கணக்கேட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. மாற்றுத்தொகையை கிளப்புகள் ஒரே ஆண்டுச் செலவாக எழுதுவதில்லை. புது கிரைண்டரின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரிப்பதுபோல, ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகின்றன. 5 கோடிக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவர் இரண்டு ஆண்டு கழித்துச் சும்மா போக நேர்ந்தால், ஏட்டில் 3 கோடி அப்படியே நிற்கும். தன் அகாடமியில் வளர்ந்தவருக்கோ ஏட்டில் வாங்கிய விலையே இல்லை. அவரை விற்றால் வருவதெல்லாம் லாபம். கைவிட்டால் போவதெல்லாம் அந்த லாபம்.

முதலாளியின் மூன்று வழிகள்

ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சமிருக்கும்போது ஒவ்வொரு கிளப்பும் தன் நல்ல ஆட்டக்காரரைப் பற்றி மூன்றில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

முதல் வழி, சம்பளத்தை ஏற்றி ஒப்பந்தத்தை நீட்டிப்பது. மாஸ்டருக்கு ஏற்றினால் தோசை மாஸ்டரும் டீ மாஸ்டரும் மறுநாள் வந்து நிற்பார்கள். ஐ.எஸ்.எல்.லில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம் இருக்கும்போதே விற்றுவிடுவது. 2016-இலிருந்து சென்னையின் அணியிலேயே வளர்ந்து தலைவராகவும் ஆன அனிருத் தாபா, 2023-இல் மோகன் பகான் போனார். ஒப்பந்தம் மிச்சமிருந்தபோதே போனதால் மாற்றுத்தொகை சென்னைக்கு வந்தது. ரசிகர்களுக்கு வலித்த முடிவுதான். ஆனாலும் கடைசித் தேதிவரை காத்திருந்து வெறுங்கையோடு நிற்பதைவிட அது மேல்.

மூன்றாவது, கடைசி நாள்வரை ஆடவைத்துவிட்டுச் சும்மா போகவிடுவது. அந்த ஓராண்டில் கோப்பை கிடைக்கும் என்று நம்பினால் இதுவும் நியாயமான கணக்குதான். கிடைக்காவிட்டால் அடுத்த சீசன் வெறுமையாகத் தொடங்கும்.

அந்த வெறுமையைச் சென்னை 2020-இல் பார்த்தது. 2019-20 சீசனில் ஓவன் கோய்ல் பயிற்சியில் அணி இறுதிப்போட்டிவரை போனது. லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். சீசன் முடிந்ததும் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்திருந்த வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். மாஸ்டர் போகும்போது அவர் கைக்குப் பழகிய ஆளும் கூடப் போவது அடுப்படியில் எல்லாரும் பார்த்ததுதான். அடுத்த சீசனில் சென்னையின் 20 ஆட்டங்களில் அடித்தது 17 கோல். எட்டாவது இடம். ஒரு கோல்காரர் போனதோடு, அவருக்குப் பந்து எங்கே வேண்டும் என்று மற்றவர்கள் பழகிவைத்திருந்த பழக்கமும் போய்விட்டது.

வெளியே போகும் அதே கதவு வழியாகத்தான் ஆட்கள் உள்ளேயும் வருகிறார்கள். நல்ல ஏஜென்டுத் தொடர்பும் கூர்மையான கண்ணும் இருந்தால், மாற்றுத்தொகைக்கு வழியில்லாத கிளப்பும் ஒரே கோடையில் அணியை மாற்றிக் கட்டலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த எட்டு மாஸ்டர்கள் ஒரே அடுப்படியில் ஒத்துப்போகக் காலம் ஆகும். ஆண்டுதோறும் பாதி அணி மாறும் கிளப்பில் அந்தக் காலம் வருவதே இல்லை. சென்னையின் ஒரு சீசனில் மேலே போய், அடுத்ததில் கீழே இறங்கி, மறுபடி ஏறுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். குறுகிய ஒப்பந்தங்கள் அவற்றில் ஒன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

மாஸ்டரின் கணக்கு

கைராசி உள்ளவருக்கு அட்வான்ஸ் தீரும் நாள் திருவிழா. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஏப்ரலில் ஒடிஷா எஃப்.சி.யுடன் சூப்பர் கோப்பை வென்றார். அந்தச் சீசனோடு அங்கே கணக்கு முடிந்தது. ஈஸ்ட் பெங்கால் அவரை மூன்று ஆண்டுக்கு எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 12-இல் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்து, டெர்பி எனப்படும் அந்த ஊர்ப் போட்டியில் நான்கு ஆண்டுக்கு மேலாக வெற்றியே பார்க்காத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் தாகத்தைத் தீர்த்தார். நல்ல நிலையில் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்தால் ஊரையும் பயிற்சியாளரையும் சம்பளத்தையும் தானே தேர்ந்தெடுக்க முடிகிறது.

அதே தேதி, கை சுட்டுக்கொண்டு கட்டுப் போட்டிருக்கும் மாஸ்டருக்கு வந்தால்? சென்னையின் முதல் சீசனிலிருந்தே ஆடி, 2015, 2018 கோப்பைகளில் பங்குகொண்டு, இந்திய ஆட்டக்காரர்களில் அந்த அணிக்கு அதிக கோல் அடித்தவர் ஜேஜே லால்பெக்லுவா. முழங்கால் காயத்தால் 2019-20 சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. ஒப்பந்தமும் அந்தச் சீசனோடு முடிந்தது. ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். பழைய வேகம் திரும்பவில்லை. முதல் வரிசை ஆட்டக்காரருக்கே இப்படியென்றால், 28 வயதில் இரண்டாம் வரிசையில் இருப்பவரின் நிலை எப்படியிருக்கும்? மே மாதம் சம்பளம் நிற்கிறது. ஜூன், ஜூலை கடந்தும் போன் வருவதில்லை. பயிற்சிக்கு ஆள் இல்லை; காயம் பட்டால் செலவு தன்னுடையது. கடைசியில் வரும் முதல் அழைப்புக்கே பாதிச் சம்பளத்துக்குத் தலையாட்டுகிறார். ஒரே சுதந்திரம் கிராக்கி உள்ளவர் கையில் பேரம் பேசும் பலமாகிறது. இல்லாதவர் கையில் வேலையின்மை ஆகிறது.

உச்சியில் இருப்பவருக்கும் இது நேரும். 2021-இல் லியோனல் மெஸ்ஸி பார்சிலோனாவிலேயே இருக்க விரும்பினார், கிளப்பும் விரும்பியது. ஸ்பானிய லீகின் செலவு வரம்பு இடம் தராததால், ஒப்பந்தம் முடிந்தவராகப் பாரிஸுக்குப் போனார்.

நடுவில் கரண்டியை வைத்தால்

அட்வான்ஸ் தீரும்முன் மாஸ்டர் சொல்லாமல் கிளம்பினால் அது வேறு விவகாரம். 2024-இல் பின்வரிசை ஆட்டக்காரர் அன்வர் அலி, டெல்லி எஃப்.சி.யிடமிருந்து நான்கு ஆண்டுக்கு இரவலாக (லோனில்) மோகன் பகானில் இருந்தபோதே அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். செப்டம்பர் 10-இல் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் நிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் டெல்லி, ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மூன்றே நாளில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. உலக அளவிலும் இந்த விதிகள் ஆட்டம் கண்டிருக்கின்றன. ஆட்டக்காரர் லசானா தியாராவின் வழக்கில் 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய நீதிமன்றம், நடுவில் விலகுவோரையும் அவரைச் சேர்க்கும் கிளப்பையும் தண்டிக்கும் ஃபிஃபா விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது.

முதலாளி பக்கம் தவறு இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதிலும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஃபிஃபா அதை நியாயமான காரணமாகவே ஏற்கிறது. 2025 ஜூலையில் லீகை நடத்தும் உரிமை பற்றிய இழுபறியால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யிலும் வேலைகள் நின்றன. அந்த மாதங்களில் ஆட்டக்காரர்களுக்கு முன்னால் இருந்தது, ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதா, விட்டுவிட்டு ஃப்ரீ ஏஜென்டாக இன்னொரு நாட்டைத் தேடுவதா என்ற கேள்வி. பல வெளிநாட்டவர் கிளம்பிப் போனார்கள். அப்படிப் போக இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு வழியில்லை. லீகே நின்றுவிட்டால் யாருடைய சுதந்திரத்துக்கும் விலை கிடையாது.

சமையல் சொல்லிக்கொடுத்த வீடு

மாஸ்டர் மெஸ்ஸில் பிறந்து வரவில்லை. பன்னிரண்டு வயதில் யாரோ ஒரு சமையற்காரரிடம் காய் நறுக்கப் போய், பருப்பு எப்போது வெந்தது என்பதை மூக்கால் கண்டுபிடிக்கக் கற்றவர். மெஸ் முதலாளிக்கும் தி.நகர் முதலாளிக்கும் நடக்கும் பணப் பேச்சில் அந்த முதல் ஆசானுக்கு என்ன கிடைக்கிறது?

மற்ற தொழில்களுக்கு இல்லாத ஒரு நல்ல ஏற்பாடு கால்பந்துக்கு உண்டு. மாற்றுத்தொகையில் 5 விழுக்காட்டை, அந்த ஆட்டக்காரரை 12 வயது முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஒருவர் ஒரு கோடிக்குப் போனால், அந்த முதல் நான்கு ஆண்டும் அவரை வளர்த்த சின்னக் கிளப்புக்கு ஒரு லட்சம் வரும். அதில் ஓராண்டுக்கான பந்தும் வலையும் காலணியும் வாங்கிவிடலாம்.

அவர் ஒப்பந்தம் முடிந்து போனால் மாற்றுத்தொகை இல்லை. 5 விழுக்காடும் இல்லை. பை மாறிய அந்த 2 கோடியில் காணாமல் போனது இந்தப் பங்குதான். 1995 மே மாதம் ஐரோப்பிய இறுதிப்போட்டியில் அயாக்ஸின் 18 வயது பேட்ரிக் க்ளூய்வர்ட் அடித்த ஒரே கோலில் ஏ.சி. மிலான் தோற்றது. தன் பள்ளியில் வார்த்தெடுத்த அந்தப் பையனை 1997-இல் அதே மிலானுக்கு, மாற்றுத்தொகை ஏதும் இல்லாமல் அயாக்ஸ் அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. அயாக்ஸ் பெரிய வீடு, தாங்கிக்கொண்டது. வியாசர்பாடியிலும் சோமசுந்தரம் மைதானத்திலும் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைச் சேர்த்து ஓடவிடுகிறவர்களால் அப்படித் தாங்க முடியாது.

அவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. ஆட்டக்காரர் முதன்முதலில் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், பிறகு 23 வயது ஆகும் ஆண்டு முடியும்வரை நாடு விட்டு நாடு கிளப் மாறும்போதும் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும் என்கிறது ஃபிஃபா. ஒப்பந்தம் முடிந்து போனாலும் இது பொருந்தும். உள்நாட்டு மாற்றங்களிலும் வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு கிடைக்கும் முறையை ஒவ்வொரு சம்மேளனமும் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. 2022 முதல் பாரிஸில் இயங்கும் ஃபிஃபாவின் தீர்வகம், இந்தத் தொகைகளை வாங்கி, வளர்த்த கிளப்புகளுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது.

ஆனால் எல்லாமே ஒரு காகிதத்தில் தொங்குகிறது. 12 வயதிலிருந்து ஆட்டக்காரர் எந்தெந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்று காட்டும் பதிவேடு அது. அதில் பெயர் இல்லாத கிளப்புக்கு ஒரு ரூபாயும் வராது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலோ மயிலாப்பூர்ப் பள்ளி மைதானத்திலோ நான்கு ஆண்டு சொல்லிக்கொடுத்தேன் என்று எத்தனை பேர் சாட்சி சொன்னாலும், சம்மேளனத்தோடு இணைந்த கிளப்பின் பெயரில் பிள்ளை பதிவாகியிருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை

ஃப்ரீ ஏஜென்சியைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அதை முழுமூச்சாக எதிர்ப்பேன். கணக்கு முடிந்த மனிதரைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை. வளர்த்தவருக்குப் பங்கு வேண்டுமென்றால் அதை வாங்கும் கிளப்பின் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். ஆட்டக்காரரின் காலில் சங்கிலி போட்டு எடுக்கக் கூடாது.

சென்னையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் ஒவ்வொருவரும் 12 வயதிலேயே அவர்களை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் செலவைச் சுமக்க முடியாத சிறிய கிளப்புகளுக்கு, சென்னைக் கால்பந்துச் சங்கமும் தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் துணை நிற்க வேண்டும். மகனோ மகளோ முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பெற்றோர் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முடியும் தேதி, கிளப் தன் விருப்பப்படி நீட்டித்துக்கொள்ளும் ஷரத்து உண்டா, காயம் பட்டால் மருத்துவச் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு. கையெழுத்தான பிரதி ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். கிளப்புகள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு தொடங்கும்முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் நிற்கும் மாதங்களில் ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யவும் காயத்துக்கு மருத்துவம் பார்க்கவும் ஓர் ஏற்பாட்டை, கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கமும் லீகும் சேர்ந்து உருவாக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். ஏட்டில் ஒரு வரி, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து, நேரத்துக்கு ஒரு பேச்சு போதும். இவை இருந்தால் சென்னையில் வளரும் பிள்ளை, தன் விலையைத் தானே பேசி எந்த ஊருக்கும் தலைநிமிர்ந்து போகலாம். வளர்த்த கிளப்பும் அடுத்த பிள்ளையைக் கையேற்கும் வலுவோடு நிற்கும்.